உப்பு விளைந்த கடைக்கால்

எங்கள் பங்குக் கோயிலுக்குப் பின்னால் கட்டும் புது மண்டபத்துக்குப் போன மாதம் கடைக்கால் போட்டார்கள். முதுகில் உருளையைச் சுற்றிக்கொண்டே லாரி மேல் லாரியாக வந்தது. இன்னொரு வண்டி நீளமாக ஒரு குழாயை நீட்டியது. இரண்டு பேர் குழாயின் நுனியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் ரிமோட்டை அழுத்தினார். மீதிப் பேர் செல்போனில் படம் எடுத்தார்கள். ஃபாதர் தீர்த்தம் தெளித்துவிட்டு அங்கியைச் சரிசெய்வதற்குள் ஒரு பக்கத்துக் குழி நிரம்பிவிட்டது.

நான் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்நாளெல்லாம் சித்தாளாக இருந்தவள். கான்கிரீட் போடும் இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். யாராவது “ஏய், எழுந்திரு” என்று கத்துவார்களோ என்று கொஞ்ச நேரம் பயமாகவே இருந்தது.

கம்பெனி இன்ஜினியர் ஒரு சின்னப் பெண். திவ்யா என்று பெயர். தலையில் மஞ்சள் ஹெல்மெட், மேலே பளபளக்கும் ஆரஞ்சு ஜாக்கெட், தோளில் கழுத்து வரை தண்ணீர் நிரம்பிய நீலப் பாட்டில். விடிந்ததிலிருந்து வெயிலில் நின்றுகொண்டிருந்தவள், மத்தியானம் கடைசி லாரிக்குக் காத்திருந்த நேரத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஆன்ட்டி, இதெல்லாம் நீங்க கையாலயே கலந்து போட்டீங்களாமே? ஃபாதர் சொன்னாரு. எப்படி ஆன்ட்டி முடிஞ்சுது? எழுதிக் குடுங்க, திறப்பு விழா மலர்ல போடலாம்.”

ஃபாதர் என்னைக் கைகாட்டியதற்குக் காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல் வாசகம் வாசிப்பவள் நான். வாசிக்கத் தெரிந்தவளுக்கு எழுதவும் தெரியும் என்று அவர் நம்புகிறார். விளம்பரம் சரியாகக் கிடைக்காததால் மலரில் பக்கம் நிரம்பவில்லை என்றும் கேள்வி. எதுவாக இருந்தால் என்ன, எழுதுகிறேன்.

நான் தொழில் கற்ற கதையைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. என் வீட்டுக்காரர் சேவியர் அப்போது கொத்தனார், பிறகு மேஸ்திரி ஆனார். கல்யாணமான புதிதில், “சும்மா வூட்ல இருக்குறதுக்கு வந்து நில்லு” என்றார். வீட்டில் நான் சும்மா இருந்ததாக அவர் நினைத்ததை இன்றுவரை மன்னிக்கவில்லை. இருந்தாலும் போய் நின்றேன். சும்மாடு சுற்றக் கற்றேன். வரிசையில் வலப்பக்கத்துக்காரி தரும் சட்டியைப் பார்க்காமலே வாங்கி இடப்பக்கத்துக்காரிக்குப் பார்க்காமலே கொடுக்கக் கற்றேன். சிமென்ட் தண்ணீர் விரலிடுக்கைத் தின்றால் தேங்காய் எண்ணெய் தடவக் கற்றேன். ஆண்கள் பீடி பிடிக்க ஒதுங்கினால் அதற்கு ஓய்வு என்று பெயர், பெண்கள் ஒதுங்கினால் அதற்கு ஏமாற்று என்று பெயர் என்பதையும் கற்றேன். பயிற்சி அவ்வளவுதான். சில வருடம் போனதும் என்னைப் பெண்கள் வரிசைக்குத் தலைவி ஆக்கினார்கள். குரல் பெரிதாக இருந்தது. வேறு எந்தத் தகுதியும் பார்க்கவில்லை.

ஆரோவில் பக்கம் மூலையே இல்லாத வீடுகளுக்குக் கடைக்கால் போட்டிருக்கிறேன். ஈ.சி.ஆர். ஓரம் மூலையைத் தவிர வேறெதுவும் இல்லாத கடைகளுக்கும் போட்டிருக்கிறேன். ஆனால் திவ்யா கேட்டவுடன் நினைவுக்கு வந்தது, மரக்காணம் உப்பளத்தின் நட்டநடுவில் போட்ட ஒரு கக்கூஸின் கடைக்கால்தான். கோயில் மலரில் கக்கூஸைப் பற்றி எழுதலாமா என்று ஃபாதரிடம் கேட்டேன். “எழுதும்மா, எல்லாரும் போற எடம்தானே” என்றார்.

மரக்காணம் உப்பளத்தைப் பஸ்ஸிலிருந்து பார்க்கிறவர்கள் அழகு என்பார்கள். வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். கண்ணுக்கு எட்டின தூரம் வெள்ளை, நடுவில் கோடு போட்டதுபோல வரப்புகள். ஒரு மரம் கிடையாது, ஒரு புதர் கிடையாது, ஆள் மறைய ஒரு சுவர் கிடையாது. அழகு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்போல. அதில் வேலை செய்கிற ஆண்களுக்கு அவசரம் என்றால் வரப்பின் அந்தப் பக்கம் திரும்பி நின்றால் முடிந்தது. பெண்கள் எங்கே போவார்கள் என்று படம் எடுக்கிறவர் யாரும் கேட்டதில்லை. அவர்கள் போவதில்லை. இருட்டோடு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்விட்டு வருவார்கள், அப்புறம் வீடு திரும்பிய பிறகுதான். நடுவில் அவசரம் வராமலிருக்க ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அந்த வெயிலில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள்.

உப்பு வாரிச் சுமக்கும் பெண்களுக்குத் தலைவி பவுனுக்கா. என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள். அவளுக்கு நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து வந்திருந்தாள். சிறுநீரகம் கெட்டுப்போக ஆரம்பித்துவிட்டது, இப்படியே விட்டால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“நெறைய தண்ணி குடிக்கணும்னு சொல்லிட்டாரு மேரி. குடிச்சிட்டு எங்க போறது? அவரு ஆஸ்பத்திரிக்கா?” என்றாள். வேலையை விடச் சொன்னேன். “உட்டுட்டு?” என்றாள்.

அந்தச் சமயம் வெளியூரிலிருந்து ஒரு அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் வந்து உப்பளப் பெண்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கேட்பதற்கு முன்பே டிவி வைத்த ஓய்வறை என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருக்கிறார்கள். பவுனுக்கா எழுந்து, “டிவி வூட்லயே இருக்குது சார். உப்பளத்துல கக்கூஸ் கட்டிக் குடுங்க” என்றிருக்கிறாள். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். கடைசியில் ஒரு சின்ன ஓய்வறையும் அதை ஒட்டி இரண்டு கக்கூஸும் என்று ஒத்துக்கொண்டார்கள். ‘மகளிர் நல மையம்’ என்று பெயர்ப்பலகை எழுதி வாங்கினார்கள். சிமென்ட் வருவதற்கு முன்பே பலகை வந்துவிட்டது. செங்கல் வரும்வரை அதைக் கவிழ்த்துப் போட்டு நாங்கள் சாப்பாட்டுத் தூக்கு வைத்தோம்.

வேலை எடுத்த கான்ட்ராக்டரின் இன்ஜினியர் வரதன் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் மடித்த கைக்குட்டை, நடையில் ஒரு துள்ளல். அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரி உப்பு. கடலோரத்தில் கட்டின பல கட்டடங்கள் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பிளந்ததைப் பார்த்தவர். அதனால் அவர் கண்ணை நம்ப மாட்டார், நாக்கைத்தான் நம்புவார். மணல் லோடு வந்தால் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பார். கண்ணை மூடுவார். துப்புவார். கைக்குட்டையால் நாக்கைத் துடைப்பார். அப்புறம்தான் “எறக்கு” என்பார். ஒவ்வொரு டிரம் தண்ணீருக்கும் இதே பூசைதான். ஜல்லியைக்கூட ஒருமுறை நக்கிப் பார்த்ததை நானே பார்த்தேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நாக்கு சார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பெண்களிடம் அவர் பேச மாட்டார். மரியாதை என்று அவர் நினைத்திருக்கலாம். நான் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றாலும் என் புருஷனைக் கூப்பிட்டு, “சேவியர், அந்தம்மாவைச் சட்டியைக் கழுவச் சொல்லு” என்பார். என் புருஷன் என் பக்கம் திரும்பி, “சட்டியக் கழுவணுமாம்” என்பார். நான் அவரிடம், “கழுவியாச்சுன்னு சொல்லுங்க” என்பேன். அவர் திரும்பி, “கழுவியாச்சு சார்” என்பார். மூன்று பேரும் ஒரே தமிழ்தான் பேசினோம்.

இடம் பெரிய சிக்கல். லாரி ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து உப்பளத்துக்குள் ஒற்றையடி வரப்புதான். வண்டி போகாது, கலவை மெஷின் போகாது. எல்லாம் தலையில்தான் போக வேண்டும். இதற்கு வழி சொன்னது பவுனுக்காதான். அவளுடைய ஆட்கள் உப்பைக் கூடையில் சுமந்து ரோட்டோரக் குவியலில் கொட்டிவிட்டு வெறுங்கூடையோடு திரும்புவார்கள். திரும்பும்போது நம் ஜல்லியையும் மணலையும் கொண்டுவருகிறோம் என்றாள். நாக்கு சாருக்கு உப்புக் கூடை என்றதும் முகம் மாறிவிட்டது. புதுக்கூடை வாங்கிவரச் செய்தார். போகும்போது ஒரு கூடை, வரும்போது வேறு கூடை என்று அந்தப் பெண்கள் கூடை மாற்றிச் சுமந்தார்கள். கூலிக்கு இல்லை, கக்கூஸுக்கு.

அடியில் களிமண். கால் வைத்தால் இழுக்கும். அதனால் தனித்தனியாகக் குழி தோண்டாமல், மணல் போட்டு இறுக்கி, கம்பி பின்னி, கட்டடத்தின் முழு அகலத்துக்கும் ஒரே பலகையாகக் கான்கிரீட் போட வேண்டும் என்று சார் முடிவு செய்திருந்தார். இப்படிப்பட்ட பலகையை ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது. பாதியில் நின்றால் பழையதும் புதியதும் ஒட்டாது.

கையால் கலப்பது எப்படி என்று திவ்யா கேட்டாள், சொல்கிறேன். தரையில் தகரம் விரிப்போம். மரப்பெட்டியால் மணலை அளந்து கொட்டிப் பரப்புவோம். அதன்மேல் சிமென்ட். தண்ணீர் காட்டாமல் இரண்டு பேர் எதிரெதிரே நின்று மண்வெட்டியால் புரட்டுவார்கள். மணலின் நிறமும் சிமென்ட்டின் நிறமும் தனித்தனியாகத் தெரியாமல் போகும்வரை புரட்ட வேண்டும். எல்லாம் ஒரே சாம்பல் ஆனதும் ஜல்லியைக் கொட்டி மறுபடி புரட்டுவது. அப்புறம் நடுவில் குழி பறித்துத் தண்ணீர் ஊற்றி, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். அவசரப்பட்டால் கரை உடைந்து சிமென்ட் பால் வெளியே ஓடிவிடும். ஓடினால் ஓடினதுதான், அந்தக் கலவைக்கு உயிர் போய்விடும். தண்ணீர் கூடினாலும் கெடுதல்தான். கலக்கிறவனுக்குக் கை வலிக்கும்போதெல்லாம் தண்ணீர் கூட ஊற்றத் தோன்றும். அதைத் தடுக்கத்தான் என் பெரிய குரல். கலந்ததைச் சட்டியில் அள்ளி வரிசையில் கைமாற்றி, கொட்டின இடத்தில் கம்பியால் குத்திக் குத்தி நிரப்பிவிட்டால், மேலே மட்டப்பலகை இழுப்பார்கள்.

அன்றைக்கு எங்கள் ஆட்களோடு பவுனுக்காவின் ஆட்களும் வரிசையில் நின்றார்கள். பாதி வேலையில் நல்ல தண்ணீர் தீர்ந்துவிட்டது. குடிதண்ணீர்த் தொட்டி ஊருக்குள் இருந்தது. மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் டிரம் வைத்து ரோடு வரை கொண்டுவந்து, அங்கிருந்து குடத்தில் சுமக்க வேண்டும். காலடியில் வாய்க்கால் நிறையத் தண்ணீர், உப்புத் தண்ணீர். எங்கள் ஆள் ஒருவன் மெதுவாக ஒரு வாளியை அந்தப் பக்கம் கொண்டுபோனான். நாக்கு சார் போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது.

“சேவியர்! அவன் கையை ஒடி! கலவையில உப்பு ஒரு சொட்டு பட்டாலும் கம்பி போச்சு!”

கடைசியில் பவுனுக்கா ஆட்களில் சிலர் ஓடிப்போய் குடத்தில் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு குடத்தையும் சார் நாக்கில் வைத்துப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் பலகை முடிந்தது. மட்டமாக, வழவழப்பாக, பார்க்கவே நிறைவாக இருந்தது. பவுனுக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

கிளம்பும் முன் நாக்கு சார் சொன்னார், வழக்கம்போல என் புருஷனிடம்: “நாளையிலேர்ந்து மேல பாத்தி கட்டி தண்ணி நிறுத்தணும், சேவியர். காயவே கூடாது. அந்தப் பொம்பளைங்ககிட்ட சொல்லிடு.” அந்தப் பொம்பளைங்க கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றார்கள். என் புருஷன் திரும்பி, “பாத்தி கட்டி தண்ணி நிறுத்தணுமாம். காயக் கூடாதாம்” என்றார்.

பவுனுக்கா சிரித்துவிட்டாள். “பாத்தி கட்டறத எங்களுக்கே சொல்லித் தர்றாரா? நீ போய்ட்டு வா மேஸ்திரி, நாங்க பாத்துக்கறோம்.”

எந்தத் தண்ணீர் என்று சார் சொல்லவில்லை. நாள் முழுக்க நாக்கை நீட்டிக்கொண்டு நின்றவர், அதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்று நினைத்திருப்பார். என் புருஷன் காதில் விழுந்ததை மட்டும் சொல்கிறவர். நானோ திண்டிவனம் பக்கம் அடுத்த வேலைக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தேன். எல்லோரும் போய்விட்டோம்.

சுவர் எழுப்பத் திரும்பி வந்த அன்று, வரப்பில் நடந்து வரும்போதே தூரத்தில் கடைக்கால் பளபளவென்று மின்னியது. ஈரத்தில் மின்னுகிறது என்று நினைத்தேன். கிட்டே போனதும்தான் தெரிந்தது. பலகை முழுக்கச் சின்னச் சின்னதாகப் பாத்தி. நூல் பிடித்ததுபோல வரப்பு. என் வாழ்நாளில் அவ்வளவு அழகாகப் பாத்தி கட்டின கான்கிரீட்டை நான் பார்த்ததில்லை. பாத்திக்குள்ளே தண்ணீர். தண்ணீருக்குக் கீழே வெள்ளை வெளேரென்று உப்பு. ஒரு மூலையில் சிமென்ட் சாக்கை விரித்து, வாரின உப்பைக் கூம்பாகக் குவித்தும் வைத்திருந்தார்கள்.

என் புருஷன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பவுனுக்கா முகம் முழுக்கப் பெருமையோடு வந்தாள்.

“பாத்தியா மேரி, எப்படி இறுகியிருக்குதுன்னு? கடைசிப் பாத்தித் தண்ணி உட்டுருக்கோம், நல்லா முத்துன தண்ணி. தெனம் காலால மிதிச்சும் உட்டோம்.”

“யக்கா, உப்புத் தண்ணியா ஊத்துன?”

“பின்ன? எங்க பாத்தித் தரை கல்லு மாதிரி இறுகுறது எதனால? இந்தத் தண்ணியாலதான். அதுவும் இல்லாம, குடிக்கிற தண்ணிய ஊர்லேர்ந்து சுமந்தாந்து கல்லு மேல ஊத்த மனசு வருமா?”

“அப்ப அந்த உப்பு?”

“வெளஞ்சுதே. வெளஞ்சத வாராம உடுவாங்களா?”

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. தன்னிடம் இருந்ததிலேயே உசத்தியான தண்ணீரை அந்தக் கடைக்காலுக்குக் கொடுத்திருக்கிறாள். இதை எப்படிச் சொல்வது?

சொல்வதற்குள் நாக்கு சாரும் அறக்கட்டளைக்காரர் ஒருவரும் வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள். அறக்கட்டளைக்காரர் முதலில் வந்து சேர்ந்தார். “அடடா, ஃபினிஷிங் எவ்வளவு ஒயிட்டா இருக்கு!” என்று சொல்லி, நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, வெயில் தாங்காமல் குடையோடு திரும்பிப் போய்விட்டார். அந்தப் படம் அவர்களுடைய ஆண்டுப் புத்தகத்தின் அட்டையில் வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நாக்கு சார் பின்னால் வந்து சேர்ந்தார். குனிந்தார். விரலால் பலகையைத் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். துப்பவில்லை. கைக்குட்டையையும் எடுக்கவில்லை. பிறகு, முதன்முதலாக, நேராக ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசினார்.

“யாரும்மா ஊத்தினது?”

“நான்தான் சார்” என்றாள் பவுனுக்கா. அதற்குள் அவளுக்கும் ஏதோ புரிந்துவிட்டது.

சார் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கே கேட்டது. “மேல ஒரு பூச்சு பூசி மூடிட்டு சுவரை எழுப்புய்யா. கக்கூஸுதானே, யாரு பாக்கப் போறா?” சார் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு வரப்பில் அங்கும் இங்கும் நடந்தார். பவுனுக்கா அவர் பின்னாலேயே நடந்தாள்.

“இடிச்சிடாதீங்க சார். இடிச்சா திரும்பக் கட்ட மாட்டாங்க. எனக்குத் தெரியும். ‘அவளுங்களே கெடுத்துக்கிட்டாளுங்க’ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அப்படியே இருக்கட்டும் சார்.”

சார் நின்றார். “இதுக்குள்ள கம்பி இருக்கும்மா. உப்பு உள்ள எறங்கினா கம்பி துருப்பிடிச்சு ஊதும். ஊதினா கல்லு பொளக்கும். வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும். எப்ப வுழும்னு சொல்ல முடியாது. உள்ள ஒரு பொம்பள இருக்குறப்ப வுழுந்தா?”

பவுனுக்கா அந்த வெள்ளைப் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“வெளிய நல்லா இருக்கும், உள்ள ஊதும்” என்றாள். “டாக்டரும் என்னப் பத்தி அதத்தான் சொன்னாரு சார்.”

பிறகு என் பக்கம் திரும்பி, “சம்மட்டி இருக்குதா மேரி?” என்றாள்.

முதல் அடி அவள்தான் போட்டாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. ஆனால் பலகை அசையவில்லை. ஆண்கள் வாங்கி அடித்தார்கள். சம்மட்டிக் காம்பு முறிந்தது, பலகை முறியவில்லை. நாங்கள் எத்தனையோ கட்டடத்துக்குக் கலவை போட்டிருக்கிறோம். அவ்வளவு உருப்படியாக ஒன்றைப் போட்டோம் என்பது அதை உடைக்கும்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. என் புருஷன் ஒவ்வொரு அடிக்கும், “பாரு, என்னா ஸ்ட்ராங்கு” என்று பெருமைப்பட்டுக்கொண்டே உடைத்தார்.

இதை மூடினால் வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நாக்கு சார் போனில் சொல்லிவிட்டார். அவருக்கு அவ்வளவு தைரியம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. கான்ட்ராக்டர் நிறையக் கத்திவிட்டு, சிமென்ட்டும் கம்பியும் தருகிறேன், ஆள் தர மாட்டேன் என்றார். ஆள் எதற்கு? பவுனுக்காவின் பெண்கள் ஒவ்வொரு நாளும் உப்பு வாரி முடித்த பிறகு வந்தார்கள். காலையில் வேலைக்கு வரும்போதே ஆளுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீரை ஊரிலிருந்து சுமந்து வந்து டிரம்மில் ஊற்றினார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டாம் தடவை கலவை போட்டதும் அவர்கள்தான். குழி பறித்து ஊற்றின தண்ணீரைக் கரை உடையாமல் நிறுத்துவதில் அவர்களுக்கு நான் கத்தவே வேண்டியிருக்கவில்லை.

அந்தத் தடவை நாக்கு சார் என் புருஷனைக் கூப்பிடவில்லை. நேராகப் பவுனுக்காவிடம் போனார். “பாத்தியெல்லாம் வேணாம்மா. சாக்கை நல்ல தண்ணியில நனைச்சு மூடி வச்சாலே போதும். தண்ணியும் கம்மியாத்தான் செலவாகும்.”

எனக்கு அவரைக் கடித்துக் குதறலாம்போல இருந்தது. இந்த ஒரு வார்த்தையை முதல் தடவையே சொல்லியிருந்தால் ஒரு கடைக்கால் பிழைத்திருக்கும். எங்களிடம் பேசினால்தானே சொல்ல முடியும்? அதற்குப் பிறகு அவர் தினமும் வந்து சாக்கைப் பிழிந்து நாக்கில் விட்டுப் பார்த்தார். அந்தச் சாக்கில் முன்பு என்ன இருந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. மாட்டுத் தவிடுதான்.

கட்டடம் எழும்பியது. திறப்பு விழாவில் குத்துவிளக்கு, மைக் செட், பொன்னாடை எல்லாம் உண்டு. உப்பளப் பெண்களின் தன்மானம் என்று ஒருவர் நீளமாகப் பேசினார். பேச்சு முடிவதற்குள் காரில் வந்த விருந்தாளி அம்மா ஒருவர் எழுந்துபோய் முதல் ஆளாகப் பயன்படுத்திவிட்டு வந்தார். பாவம், தூரத்திலிருந்து வந்தவர், அவருக்கும் வழியில் இடம் இருந்திருக்காது. பவுனுக்கா பின் வரிசையில் நின்று கை தட்டினாள்.

மறுநாள் போனால் கதவில் பூட்டு. உப்பளக் கணக்கப்பிள்ளை ஓய்வறையில் டீசல் கேனும் பம்பு செட்டும் வைத்துவிட்டார். கக்கூஸ் சாவியும் அவர் இடுப்பில். கேட்டால், “சுத்தமா இருக்கணும்ல, வி.ஐ.பி. யாராவது வந்தா?” என்றார். பவுனுக்கா சண்டை போடவில்லை. கேட்கவே இனிமையாக இருந்தது அவள் குரல்.

“சம்மட்டி இன்னும் எங்க வூட்லதான் இருக்குது சார். காம்பு புதுசு போட்டாச்சு.”

அன்று மத்தியானத்துக்குள் கேன் வெளியேறியது. சாவி கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. பிறகு அதை யாரும் எடுத்துப்போகவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் மிச்சமிருந்த பூச்சு வேலைக்குப் போயிருந்தேன். உச்சி வெயில். பவுனுக்கா உப்புக் கூடையை வரப்பில் இறக்கிவைத்தாள். இடுப்பிலிருந்த பாட்டிலைத் திறந்து, தலையை நிமிர்த்தி, கடகடவென்று குடித்தாள். நாலு பேர் பார்க்க, நடு உப்பளத்தில், வேலைக்கு நடுவில். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வாயைத் துடைத்துக்கொண்டு, “இன்னா பாக்குற? தண்ணி குடிக்கறத நீ பாத்ததில்லையா?” என்றாள். உண்மையில் நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் திவ்யாவிடம் அன்றைக்கே சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவள் தோளில் தொங்கிய நீலப் பாட்டில் கண்ணில் பட்டது. கழுத்து வரை தண்ணீர் அப்படியே இருந்தது. மூடியைத் திறந்த அடையாளமே இல்லை. லாரி வந்திருந்தது, குழாய் வந்திருந்தது, ரிமோட் வந்திருந்தது. சுற்றிப் பார்த்தேன். ஆண்கள் காம்பவுண்டுச் சுவர்ப் பக்கம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள்.

“ஏம்மா, காலையிலேர்ந்து ஒரு வாய்கூட குடிக்கலையா?”

“பரவால்ல ஆன்ட்டி. வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கறேன்” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து என் வீட்டுச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

“கோயிலுக்குப் பின்னால ரெண்டாவது வீடு, பச்சைக் கதவு. மொதல்ல இந்தப் பாட்டில காலி பண்ணு. அப்புறம் போய்ட்டு வா. கான்கிரீட்ட நான் பாத்துக்கறேன்.”